பதினேழு வருடம் கேட்காமல் இருந்த கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த வாரத்தில் நடந்தது இது. திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. முன் அறையில் மிஷின் போட்டு ரவிக்கை, சுடிதார், பள்ளி யூனிபார்ம் எல்லாம் தைத்துக் கொடுக்கிறேன். என் கணவர் சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அன்று பழனிக்கு லோடு இறக்கப் போனவர், சாயங்காலம் ஒரு துணிப்பையோடு வந்தார். பையை மிஷின் மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

பிரித்துப் பார்த்தேன். அரக்குக் கலரில் ஒரு பட்டுச்சேலை, இரண்டு ரவிக்கைத் துணி, அளவுக்காக ஒரு யூனிபார்ம் மேல்சட்டை. அந்தச் சட்டையை ஜூன் மாதம் நான்தான் தைத்தேன், என் கணவரின் அக்கா மகளுக்கு. ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. பதினாறு வயது.

"அக்கா குடுத்துச்சு. வர்ற மாசம் பத்தாந் தேதிக்குள்ள வேணுமாம்" என்றார் துண்டில் முகத்தைத் துடைத்தபடி.

"இது கல்யாணப் பட்டால்ல இருக்கு. யாருக்கு?"

"பிள்ளைக்குத்தான்."

நான் விடாமல் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாகச் சொன்னார். பிள்ளை யாரோ ஒரு பையனோடு போனில் பேசிக்கொண்டிருந்ததை வீட்டில் பார்த்துவிட்டார்களாம். போனைப் பிடுங்கி வைத்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவதில்லை. அவள் அப்பா வழிச் சொந்தத்தில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை. வெளியே அதிகம் சொல்லாமல் கோவிலில் வைத்து முடித்துவிடப் போகிறார்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அவுங்க வீட்டு விசயம். நான் என்னத்தச் சொல்ல?"

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

எனக்கும் கல்யாணம் ஆனது பதினாறு வயதில்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய அந்தக் கோடையில் அம்மா இறந்துவிட்டார். அப்பா லாரி ஓட்டுபவர், மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டார். வயதுக்கு வந்த பிள்ளையைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டுப் போக அவருக்குப் பயம். "கல்யாணத்த மட்டும் முடிச்சு வச்சிருவோம், மத்ததெல்லாம் பெறவு பாத்துக்கலாம்" என்றார்கள். மூன்றாவது மாதமே பக்கத்து வீடு, எதிர் வீடு, கல்யாண வீடு, சாவு வீடு என்று போகிற இடமெல்லாம் "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார்கள். நான்காவது மாதம் விசேஷம் ஆகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், அதைத் தள்ளிப்போடலாம் என்பதே எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆனால் குழந்தை தானாக வரும், அது நம் கையில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் கணவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவருக்கும் யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கணக்கெடுக்க வந்த நர்சம்மா வயதைக் கேட்டபோது, என் மாமியார் முந்திக்கொண்டு "பத்தொம்பது" என்று சொன்னார். நர்சம்மா என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அட்டையில் பத்தொன்பது என்றே எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசக்கூடாது என்று வளர்ந்தவள்.

ஏழாம் மாதம் முடிகிற சமயம். கால் இரண்டும் வீங்கிப்போய்ச் செருப்பு நுழையவில்லை. விடாத தலைவலி. கண்ணுக்கு முன்னால் மின்மினிப் பூச்சி பறப்பது போல இருக்கும். "மாசமா இருந்தா அப்பிடித்தான்" என்றார்கள். ஒரு நாள் காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு ஒன்றும் தெரியாது. வலிப்பு வந்து விழுந்திருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் கண் முழித்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. வயிறு வற்றிக் கிடந்தது. மார்பில் பால் கட்டி நெருப்பாக எரிந்தது. பக்கத்தில் என் கணவரின் அக்கா உட்கார்ந்திருந்தார். அவரை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவருக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் வாக்கப்பட்டவர், எனக்காக ஓடி வந்திருந்தார்.

"பாப்பா எங்க மதினி?"

"பொம்பளப் பிள்ள. தங்கல. நீ பொழச்சதே பெருசு. எதையும் கேக்காத, தூங்கு."

அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கு வேதனை வேண்டாம் என்று அவர்கள் பேசவில்லை. அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு லேடி டாக்டர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "உண்மையான வயசு என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். பதினேழு நடக்கிறது என்றேன். முதல் தடவையாக நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. "உன் உடம்பே இன்னும் வளந்து முடியலம்மா. அதுக்குள்ள இன்னொரு உடம்ப அது எப்படிச் சுமக்கும்?" என்றார். என் கணவரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, நாலு வருடமாவது போகட்டும் என்றார். அதற்கு என்னென்ன வழி இருக்கிறது, எது எங்கே கிடைக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கூச்சம் போகும்வரை விளக்கினார். மாமியார் முணுமுணுத்தபோதும், ஊர் விசாரித்தபோதும், என் கணவர் அந்தச் சொல்லை மீறவில்லை. எனக்கு இருபத்தோரு வயதில் மகன் பிறந்தான். ஒரு குறையும் இல்லாமல் பிறந்தான்.

அந்த முதல் குழந்தை போன மறுவருடம் மதினிக்கு மகள் பிறந்தாள். அவள் தவழ்ந்தபோது, என் பிள்ளை இந்நேரம் நடந்திருப்பாள் என்று நினைப்பேன். அவள் நடந்தபோது, என்னுடையவள் ஓடியிருப்பாள். தீபாவளிக்குத் தீபாவளி அவளுக்குப் பாவாடை சட்டை நான்தான் தைப்பேன். துணியை வெட்டும்போது, ஒரு சுற்றுப் பெரிதாக இன்னொன்று வெட்டினால் எத்தனை இன்ச் வரும் என்று கை தானாக டேப்பை நகர்த்திப் பார்க்கும். என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது கல்யாணப் பட்டு வந்திருந்தது.

இரண்டு நாள் அந்தத் துணியில் கத்தரி வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு பழனி பஸ் ஏறினேன். பதினெட்டு முடியாமல் கல்யாணம் செய்வது குற்றம், போலீஸ் கேஸ் ஆகும், படிப்பு போய்விடும் என்று பேசவேண்டியதை எல்லாம் ஒட்டன்சத்திரம் வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். கேட்கவில்லை என்றால் கூப்பிட, குழந்தைகளுக்கான உதவி எண்ணையும் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். கூப்பிட்டால் என் புருஷன் வீட்டு உறவு அத்தோடு அறுந்துவிடும் என்பதும் தெரியும். 

பாலசமுத்திரத்தில் கொய்யாத் தோப்பை ஒட்டி அவர்கள் வீடு. கதவைத் திறந்தது பிள்ளைதான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கத்தை. அம்மா அடுப்படில இருக்குது."

"வா, முதல்ல அளவு எடுத்துருவோம்" என்று அவளை அறைக்குள் கூட்டிப்போனேன். தனியாகப் பேச வேறு வழி தோன்றவில்லை. தோளில் டேப்பை வைத்தேன். ஜூனில் எடுத்த அதே அளவு. ஒரு நூல்கூடக் கூடவில்லை.

"உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

தோளைக் குலுக்கினாள். "பரீட்சை எழுத விடுவாங்களாமாங்கத்தை. அங்கிருந்தே எழுதிக்கலாம்ங்கறாங்க." பிறகு, "அந்தப் பையன்கிட்ட பேச மட்டுந்தாங்க செஞ்சேன். வேறெதுவும் இல்லீங்க. வீட்ல என்ரகிட்ட ஆரு பேசறாங்க?" என்றாள்.

நான் டேப்பைச் சுற்றிக்கொண்டே நின்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "கல்யாணமானா ஒடனே பாப்பா வந்துருமாங்கத்தை?" என்று கேட்டாள்.

அதே கேள்வி. பதினாறு வயதில் எனக்குள் இருந்து, கேட்க ஆளில்லாமல் போன கேள்வி. நான் பதில் சொல்லும் முன் அவளே சொன்னாள்: "பயமா இருக்குதுன்னு அம்மாகிட்டச் சொன்னேனுங்க. அத்தையும் பதினாறுல கட்டுனவதான், இப்ப நல்லாத்தான இருக்குறான்னு சொல்லுச்சு."

நான் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த வாய் மூடல்தான் இந்தப் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. பதினாறில் கட்டினாலும் ஒன்றும் ஆகாது என்பதற்கு நான் உதாரணமாகியிருந்தேன்.

அடுப்படிக்குப் போனேன். மதினி தரையில் உட்கார்ந்து சோற்றுக்கு வெஞ்சனம் செய்யச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வா வா, எப்ப வந்த? சாப்டியா?" என்றார். எதிரில் உட்கார்ந்தேன். சட்டம், போலீஸ், படிப்பு என்று ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. நானே எதிர்பார்க்காமல் வேறொன்று வந்தது.

"மதினி, எம்பிள்ள யாரு சாடையில இருந்துச்சு?"

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. எந்தப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை.

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நான் பாக்கல மதினி. நீங்கதான் பாத்தீங்க. உங்க மகளப் பாக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு மூஞ்சிய நானா நெனச்சுப் பாத்துக்கிறேன். சரியா வரமாட்டேங்குது."

வெங்காயத் தோலை விரலால் கூட்டிக் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்.

"தலை நெறைய முடி. நெத்தி ஓன் நெத்தி. வலது காது மட்டும் மேல லேசா மடிஞ்சிருந்துச்சு, ஒனக்கு இருக்குற மாதிரியே. நகம் கூட இருந்துச்சு. அம்புட்டுச் சின்னக் கையில நகம்." உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார். "கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. நர்சு என்னைய உள்ள கூப்பிட்டு, கையை விட்டுத் தொட்டுக்கங்கன்னாங்க. ஒரு விரலத்தான் நீட்டுனேன். புடிச்சுக்கிருச்சு."

"புடிச்சுச்சா?" என்றேன். "செத்துப் பொறந்துச்சுன்னுல்ல நெனச்சேன்."

"இல்ல. மறுநா மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. நீ நெனவில்லாமக் கெடந்த. ஒன்ட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிருச்சு. சொன்னா நீ தாங்க மாட்டேன்னு."

என் மகள் ஒரு நாள் முழுக்க உயிரோடு இருந்திருக்கிறாள். ஒரு விரலைப் பிடித்திருக்கிறாள். அது என் விரல் இல்லை. அந்த இடத்தில் எனக்கு வந்த அழுகையைப் போல் வாழ்க்கையில் வேறெப்போதும் வந்ததில்லை. மதினியும் அழுதார். பதினேழு வருடம் அதைத் தனியாக மனதில் சுமந்தவர் அவர்.

வாசலில் நிழல் தெரிந்தது. பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தன் மாமாவுக்கு முதலில் ஒரு மகள் பிறந்தாள் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். மதினி அவளைப் பார்த்தார். உற்றுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "பயந்துட்டேன்" என்றார். "இவ போனும் கையுமா இருந்ததப் பாத்ததும் ஈரக்கொலையே நடுங்கிருச்சு. நாளைக்கி வயித்துல வாங்கிக்கிட்டு வந்து நின்னா என்ன செய்யன்னு."

"அதுக்குப் பயந்துக்கிட்டு நாமளே வாங்கிக் குடுக்கப் போறோமா மதினி?"

அவர் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் சோறு ஆறிப்போகும்வரை மூன்று பேரும் அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். உடம்பு எப்படி வேலை செய்கிறது, குழந்தை எப்படி உண்டாகிறது, ஒரு பையன் ஆசையாகப் பேசினாலும் வற்புறுத்தினாலும் எந்த இடத்தில் வேண்டாம் என்று எழுந்து வரவேண்டும், தப்பாக ஏதாவது நடந்துவிட்டால் மறைக்காமல் முதலில் யாரிடம் ஓடி வரவேண்டும் என்று, அந்த டாக்டர் எனக்குச் சொன்ன மாதிரியே சுற்றி வளைக்காமல் சொன்னேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்த மதினி, பிறகு தானும் ஒன்றிரண்டு சொன்னார். நடுவில், "இதெல்லாம் எங்கம்மா எனக்குச் சொல்லல, நான் இவளுக்குச் சொல்லல" என்றார்.

மூன்று மணிக்கு மதினியின் கணவர் தோப்பிலிருந்து வந்தார். மதினி எழுந்து, கல்யாணம் வேண்டாம், பிள்ளை படிக்கட்டும் என்றார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாக்குக் குடுத்தாச்சு. இப்ப போயி எப்புடிச் சொல்றது? ஏனம்மிணி, இது உன்ர வேலையா?"

"ஆமாண்ணே" என்றேன். "நீங்க நிறுத்தலைன்னா நான் போன் பண்ணிச் சொல்லிருவேன். நம்பர் எழுதித்தான் வந்திருக்கேன்."

"அதுக்கு அவசியமில்ல" என்றார் மதினி. "எம்பிள்ளைய நான் குடுக்கல. அவ கையில பிள்ளையக் குடுத்துட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க என்னால முடியாது. ஒருக்கா நின்னுட்டேன்."

கல்யாணம் நின்றது. சுலபமாக நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து தெருவில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். மதினியின் கணவர் ஒன்றரை வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் தம்பிமார், நான் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று இன்னமும் சொல்கிறார்கள். பிள்ளை ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் போனாள். ப்ளஸ் டூ முடித்தாள். இப்போது பழனியில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அந்தப் பையனோடு இன்னும் பேசுகிறாளா என்று எனக்குத் தெரியாது. பேசினாலும் அவள் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு பேரும் இப்போது நிறையப் பேசிக்கொள்கிறார்கள்.

அன்று நான் வீடு திரும்பியபோது என் கணவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கல்யாணம் நின்றதற்குத் தலையாட்டினார். பிறகு, "பாப்பா ஒரு நாள் இருந்துச்சாமே" என்றேன். தண்ணீர்க் குழாயை மூடினார்.

"நீ கேப்ப கேப்பன்னு இத்தன வருசமாப் பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றார். "நாந்தான் தூக்கிட்டுப் போனேன். ஒரு துண்டுக்குள்ள அடங்கிருச்சு."

மறுநாள் காலையில் லோடுக்குப் போகாமல் என்னைக் கூட்டிப்போனார். ஊருக்கு வெளியே, சிறுமலை தெரிகிற மாதிரி ஒரு மயானம். ஓரத்தில் வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. கல்லோ குறியோ எதுவும் இல்லை. இந்த இடம்தானா என்று அவருக்கே நிச்சயமில்லை. இரண்டு மூன்று இடத்தில் நின்று பார்த்துவிட்டு, "இங்கனதான் இருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் அங்கே நின்றோம். நான் பூ எதுவும் கொண்டு போகவில்லை. அவளைக் கூப்பிட ஒரு பேர்கூட நாங்கள் வைத்திருக்கவில்லை. நெற்றி என் நெற்றி, வலது காது மேலே லேசாக மடிந்தது என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் இருந்திருந்தால் இப்போது இருபது வயது. கோவிலிலோ பஸ்ஸிலோ தலை நிறைய முடியோடு அந்த வயதுப் பெண் யாராவது போனால், காதைப் பார்க்கக் கண் போய்விடுகிறது. நான் இன்னும் மூன்று நான்கு வருடம் பொறுத்துப் பெற்றிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று அடிக்கடி தோன்றும். ஆனால் பொறுக்கலாம் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஒருவருமில்லை. அதனால்தான் இப்போது துணி தைக்க வரும் அம்மாக்களிடம், கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் பேசுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர் அடுத்த தடவை மகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அவள் வாழ்ந்த அந்த ஒரு நாளை நான் பார்க்கவில்லை. ஆனால் அப்படி ஒரு நாள் இருந்தது என்று தெரிந்த பிறகுதான், அவளை என் மகள் என்று நினைத்து ஏங்கவாவது என்னால் முடிகிறது.